இரண்டு குரல்களுக்கு நடுவில்

குளம்புச் சத்தம் முதலில் தெருமுனையில் கேட்டது. முதலியார்பேட்டையில் அக்கா வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து நாங்கள் இருவரும் வெள்ளரிப்பிஞ்சு தின்றுகொண்டிருந்தோம். ஞாயிற்றுக்கிழமை மாலை, வெயில் இறங்கும் நேரம். தெருவில் மாடு போகும், மீன்காரம்மாவின் டிவிஎஸ் போகும், குதிரை போனதில்லை. நான் எழுந்து நின்று பார்த்தேன். நல்ல உயரத்தில் ஒரு பழுப்புக் குதிரையைக் கயிற்றில் பிடித்தபடி ஒருவர் நடந்து வந்துகொண்டிருந்தார். தெருவே வேடிக்கை பார்த்தது. அக்கா மட்டும் தலையைச் சற்றுச் சாய்த்து, வாயில் இருந்ததை மெல்லாமல் நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். குதிரை எங்களைத் தாண்டும்போது உரக்கச் சொன்னாள்: "யாருங்க அது குதிரையோட? அதுக்குக் கால் ஒண்ணு சரியில்லீங்க. மூணு கால் ஒரு மாதிரி வுழுது, பின்னாடி ஒண்ணு மட்டும் பயந்து பயந்து வுழுது."

அந்த மனிதர் நின்றார். குதிரையை நாலடி முன்னே நடத்தினார், நாலடி பின்னே நடத்தினார். குனிந்து பார்த்தார். "ஒண்ணுமில்லியே, நல்லாத்தானே நடக்குது" என்று கொஞ்சம் எரிச்சலாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அக்கா தோளைக் குலுக்கிவிட்டு மிச்ச வெள்ளரிப்பிஞ்சைத் தின்றாள்.

அக்கா என் உடன்பிறந்தவள் இல்லை. ஒரு அரசு அலுவலகத்தின் டெலிபோன் போர்டில் எனக்குப் பக்கத்து நாற்காலி. இருபத்திநாலு வயதில் விழித்திரை நோயால் இரண்டு கண்ணும் போய், அதற்குப் பிறகு பயிற்சி பெற்று வேலைக்கு வந்தவள். நான் சேர்ந்தபோது அவளுக்கு முப்பத்தைந்து, எனக்கு இருபத்தாறு. முதல் வாரத்திலேயே தெரிந்துவிட்டது, அவள் பக்கத்தில் உட்கார்ந்தால் நான்தான் குருடி என்று. யார் பேசினாலும் 'ஹலோ'வின் பாதியிலேயே பெயரைச் சொல்லிவிடுவாள். அதிகாரிகளில் யாருக்குச் சளி பிடித்திருக்கிறது, யார் வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்திருக்கிறார்கள் என்பது அவளுக்குத்தான் முதலில் தெரியும். கணவர் இல்லை, கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தபோதுதான் கண் போனது. அம்மாவும் அவளுமாக அந்த வீட்டில் இருந்தார்கள். வீட்டிலிருந்து அலுவலகம், அலுவலகத்திலிருந்து வீடு. இரண்டு இடத்துக்கும் நடுவில் என் ஸ்கூட்டியின் பின்சீட்டு. அவள் உலகம் அவ்வளவுதான் என்று நானும் அவள் அம்மாவும் நினைத்துக்கொண்டிருந்தோம்.

நாலாம் நாள் அந்த மனிதர் குதிரை இல்லாமல் வந்தார். செருப்பை வெளியே விட்டுவிட்டு வாசலில் நின்றபடியே, "அந்தம்மா இருக்காங்களா?" என்றார். பின்னங்கால் குளம்புக்குள் ஒரு சின்ன முள் ஏறி உள்ளேயே சீழ் வைத்திருந்ததாம். இரண்டு நாள் கழித்துத்தான் குதிரை நொண்ட ஆரம்பித்ததாம். "நான் பதினஞ்சு வருஷம் குதிரையோடயே இருந்தவன். எனக்குத் தெரியல. உங்களுக்கு எப்பிடித் தெரிஞ்சுது?" என்று கேட்டார். அக்கா சிரித்தாள். "மூணாங் கிளாஸ்ல என் பக்கத்துல உக்காந்து என் சிலேட்ட ஒடச்சவன்தானே நீ? கொரலு மாறிப்போச்சு. மூக்கால பேசறது மாறல."

அவரைத் தெருவில் எல்லோரும் 'சொல்தா' என்பார்கள், பிரெஞ்சில் சிப்பாய் என்று அர்த்தம். பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பத்துப் பையன்கள் அந்த நாட்டு ராணுவத்தில் சேர்ந்து, பதினைந்து வருடம் முடித்து, பென்ஷனோடு திரும்பி வருவது, ஒரு காலத்தில் பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட எங்கள் ஊரில் சாதாரணம். வந்தவர்கள் வீடு கட்டுவார்கள், கார் வாங்குவார்கள். இவர் குதிரை வாங்கினார். ராணுவத்தில் குதிரை லாயத்தில் வேலை பார்த்தவராம். அரியாங்குப்பம் தாண்டி, வீராம்பட்டினம் போகிற வழியில் ஒரு சவுக்குத் தோப்பை ஒட்டி இடம் எடுத்து மூன்று குதிரைகள் வைத்திருந்தார். அடுத்த ஞாயிறு அக்காவை நான் அங்கே அழைத்துப்போனேன். அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "அதை நான் தொட்டுப் பாக்கலாமா?"

அன்று அவள் அந்தக் குதிரையைத் தொட்டுப் பார்த்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. மூக்கிலிருந்து தொடங்கினாள். தாடை, காதுகள், பிடரி, கழுத்து, முதுகு, விலா, ஒவ்வொரு காலாகக் குளம்பு வரை, கடைசியாக வால். கால்மணி நேரம் ஆகியிருக்கும். குதிரை அசையவில்லை. சென்னையில் பந்தயம் ஓடி ஓய்ந்த குதிரை அது. சொல்தா அதைத் 'தொர' என்று கூப்பிடுவார். குடையைக் கண்டால் பயப்படும், யாரையும் சட்டென்று கிட்டே விடாது. "இவன் இப்பிடி நின்னு நான் பாத்ததில்ல" என்றார் சொல்தா. அக்கா அதன் வயிற்றில் காதை வைத்துக் கேட்டாள். பிறகு திரும்பி, "மேல ஏத்தி வுடு" என்றாள்.

முதல் ஆறு மாதம் நீளக் கயிற்றில் கட்டி வட்டமாகத்தான் ஓட்டினார். அக்கா விழுந்தாள், எழுந்தாள், தொடை உரிந்து அலுவலகத்தில் நாற்காலியில் சரியாக உட்கார முடியாமல் ஒரு வாரம் நெளிந்தாள். ஆனால் அவள் முதுகு நிமிர்ந்தது. கண் போனதிலிருந்து முன்னால் எதுவோ இடிக்கும் என்று எப்போதும் கொஞ்சம் பின்வாங்கியபடியே நடப்பாள். அந்தப் பின்வாங்கல் குதிரைமேல் இருக்கும்போது இல்லை. ஒருநாள் சொல்தா கயிற்றைச் சுருட்டிக்கொண்டே, தான் பிரான்சில் பார்த்த ஒரு விஷயத்தைச் சொன்னார். உடல் குறைபாடு உள்ளவர்களுக்கென்று அங்கே குதிரையேற்றப் போட்டிகள் நடக்கும். வேகம் இல்லை, தாண்டல் இல்லை. மணல் போட்ட ஒரு செவ்வகத்துக்குள், சொன்ன இடத்தில் திரும்பி, சொன்ன இடத்தில் வட்டமடித்து, சொன்ன இடத்தில் நிற்க வேண்டும். குதிரையும் ஆளும் எவ்வளவு ஒத்துப்போகிறார்கள் என்பதற்குத்தான் மதிப்பெண். ஓரத்தில் அங்கங்கே எட்டு எழுத்துகள் நட்டிருக்கும். பார்வை இல்லாதவர்கள் ஓட்டினால் ஒவ்வொரு எழுத்துக்குப் பக்கத்திலும் ஒரு ஆள் நின்று அந்த எழுத்தைச் சத்தமாகச் சொல்லலாம். வேறு ஒரு வார்த்தையும் சொல்லக் கூடாது.

"அப்ப எட்டு ஆளு வேணுமே" என்றாள் அக்கா. அவள் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டாள் என்பது எனக்குப் புரிந்தது.

ஆள் பிடித்தோம். என்னையும் மீன்காரம்மாவையும் தவிர, எங்கள் அலுவலகத்திலிருந்து மூன்று பேர், சொல்தாவின் தெருவிலிருந்து மூன்று பேர். எனக்கு வந்தது 'ஈ', நீளப் பக்கத்தின் நடுவில். எனக்கு நேர் எதிரே 'பி'யில் வீராம்பட்டினத்து மீன்காரம்மா. அவர் குரலுக்குத் தோப்பில் காக்கை பறக்கும். வழியில் போகிறவர்கள் நின்று பார்த்து, "அந்தப் பொண்ணு ஏன் 'ஈ, ஈ'ன்னு கத்துது? ஈ மொய்க்குதா?" என்று கேட்பார்கள். ஆங்கில எழுத்தில் பி, சி, ஈ மூன்றும் ஒரே மாதிரி ஒலிக்கும். காற்றடித்தால் எது எதென்று தெரியாது. நான் இதை அக்காவிடம் சொன்னபோது அவள் சொன்னாள்: "நான் எங்க எழுத்தக் கேக்கறேன்? ஆளைக் கேக்கறேன். நீ நிக்கிற எடம்தான் எனக்கு ஈ."

அக்காவைத் தயார்ப்படுத்துவதைவிடத் தொரயைத் தயார்ப்படுத்துவதுதான் பெரும்பாடாக இருந்தது. பந்தயக் குதிரைக்குச் சுற்றிலும் மனிதர்கள் கத்தினால் ஒரே அர்த்தம்தான்: ஓடு. முதல் நாள் நாங்கள் எட்டுப் பேரும் ஆளுக்கொரு எழுத்தைக் கத்தியதும் தொர காதைப் பின்னால் மடித்துக்கொண்டு வேலியைத் தாண்டிப் பறந்தது. நல்லவேளை, மேலே யாரும் இல்லை. அதற்குப் பிறகு சொல்தா எங்களைக் கத்தவிடவில்லை. ஒவ்வொருவரும் அவரவர் இடத்தில் ஒரு கேரட்டோடு நிற்க வேண்டும். குதிரை வந்தால் காதோடு சொல்வது போல எழுத்தைச் சொல்லிவிட்டுக் கேரட்டைக் கொடுக்க வேண்டும். அடுத்த வாரம் கொஞ்சம் உரக்க. அதற்கடுத்த வாரம் இன்னும் கொஞ்சம். "தூஸ்மான், தூஸ்மான்" என்பார் சொல்தா. மெதுவாக என்று அர்த்தம். அவருக்குக் கோபம், பாசம், கவலை எல்லாம் பிரெஞ்சில்தான் வரும். ஐந்து மாதம் கழித்து, மீன்காரம்மா முழுத் தொண்டையில் கத்தியும் தொர நிதானமாக அவரைப் பார்த்து ஒரு கொட்டாவி விட்டது. அன்று எல்லோரும் கைதட்டப் போய், கை தட்டினாலும் பயப்படுமே என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சிரித்தோம்.

இப்படி இரண்டு வருடம், ஞாயிறுதோறும். அக்கா ஒவ்வொரு வாரமும் எந்த எழுத்தில் திருப்பம், எந்த எழுத்தில் வட்டம் என்ற வரிசையை மனப்பாடம் செய்துகொண்டு வருவாள். போர்டில் அழைப்பு இல்லாத நேரத்தில் மேசைமேல் விரலால் கோடு போட்டுப் பார்த்துக்கொண்டிருப்பாள். அவள் அம்மாவுக்கு இது எதுவும் பிடிக்கவில்லை. ஒருநாளும் தோப்புப் பக்கம் வந்ததில்லை. "வீராம்பட்டினத்து அம்மனுக்கு வேண்டிக்கிட்டிருக்கேன், அந்தக் குதிர எங்கனா ஓடிப்போவணும்னு" என்று என்னிடமே சொல்லியிருக்கிறார்.

அந்த இரண்டாவது வருடம்தான் நான் செல்போன் வாங்கினேன். அது வந்த புதிது. போர்டில் வேலை பார்ப்பவளுக்கே தனக்கென்று ஒரு போன் என்பதில் ஒரு கர்வம். ஒரு ஞாயிறு தொர துள்ளுநடையில் என்னை நோக்கி வந்துகொண்டிருந்தது. ஈயில் திரும்பி வட்டம் போட வேண்டும். என் இடுப்பில் போன் அடித்தது. நான் குனிந்தேன். யாரென்று பார்த்தேன். அவ்வளவுதான். நிமிர்ந்து "ஈ!" என்று நான் கத்தியபோது அக்கா என்னைத் தாண்டிவிட்டிருந்தாள். குரல் பின்னால் கேட்டதும் பதறிப்போய்க் கடிவாளத்தை இழுத்தாள். தொர சட்டென்று ஒடித்துத் திரும்பியது. அவள் மறுபக்கமாகப் போய் மூங்கில் வேலியில் விழுந்தாள். மூங்கில் முறிந்த சத்தம் என்றுதான் நினைத்தேன். முறிந்தது அவள் தோளின் காரை எலும்பு.

ஆஸ்பத்திரிக்கு அவள் அம்மா ஓடிவந்தார். கட்டோடு படுத்திருந்த மகளைப் பார்த்து, "கண்ணு போனது பத்தாதாடி உனக்கு? கையும் காலும் போவணுமா?" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதார். நான் வாயைத் திறக்கப் போனேன். அதற்குள் அக்கா சொன்னாள்: "தொர கால் வழுக்கிட்டாம்மா. ஈர மண்ணு." அன்று மணலில் ஈரமே இல்லை. அம்மா அந்தக் குதிரையை அதன் பரம்பரையோடு சேர்த்துத் திட்டினார். நான் கேட்டுக்கொண்டு நின்றேன். சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. குதிரைமேல் விழுந்த பழி எனக்கு வசதியாக இருந்தது என்பதுதான் உண்மை. அதை எழுத இத்தனை வருடம் கழித்தும் கை கூசுகிறது.

மூன்று மாதம் அக்கா குதிரை ஏறவில்லை. அந்த இடைவெளியில்தான் சொல்தா எழுதிப்போட்டிருந்த விண்ணப்பத்துக்குப் பதில் வந்தது. தெற்குப் பிரான்சில் ஒரு சிறிய ஊரில், பல நாட்டவர்கள் கலந்துகொள்ளும் போட்டி. அக்காவுக்கு அழைப்பு. கூடவே இன்னொரு வரி: இந்தியாவிலிருந்து குதிரையைக் கொண்டுவர அனுமதி கிடையாது, கால்நடை நோய்த் தடுப்பு விதிகள் அப்படி. குதிரை அங்கே இரவல் தரப்படும். சொல்தா இதை அக்கா வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து படித்துக் காட்டினார். படித்து முடித்தும் காகிதத்தை மடிக்காமல் வைத்துக்கொண்டிருந்தார். இரண்டு வருடமாகக் கேரட் கேரட்டாகப் பழக்கிய குதிரை.

"தொர இல்லாம நான் எதுக்கு?" என்றாள் அக்கா. அம்மாவின் முகம் மலர்ந்ததை நான் கவனித்தேன். பிறகு அக்கா விரலால் தரையில் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில், "அங்க கூப்புடப்போறதும் எனக்குத் தெரியாத ஆளுங்கதானே?" என்று கேட்டாள். ஆமாம் என்றார் சொல்தா. "அப்ப தெரியாத குதிர, தெரியாத கொரலு. சரி. எத்தினி மாசம் இருக்கு?"

அந்த மாதங்களை நினைத்தால் இன்றும் சிரிப்பு வரும். தோள் சரியாகும்வரை நடந்தே பயிற்சி செய்தாள். கடற்கரைச் சாலையில் வண்டிப் போக்குவரத்தை நிறுத்திவிடும் மாலை நேரத்தில் அவளைக் கூட்டிப்போவேன். நடக்க வந்த முன்பின் தெரியாதவர்களிடம் போய், "சார், இங்க நின்னு 'கே'ன்னு ஒரு தடவ சொல்றீங்களா?" என்று கேட்பேன். சிலர் பயந்து ஒதுங்கினார்கள். பலர் நின்றார்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், வங்கிக்காரர்கள், சுண்டல் விற்பவர் எல்லாரும் எட்டு மூலையில் நின்று கத்த, நடுவில் அக்கா புடவைக் கொசுவத்தைப் பிடித்துக்கொண்டு குதிரை போல நடந்து திரும்புவாள். தோள் கூடியதும் சொல்தா மற்ற இரண்டு குதிரைகளிலும் மாற்றி மாற்றி ஏற்றினார். தொர வேலிக்கு அப்பால் நின்று பார்த்துக் கனைக்கும்.

போக மூன்று பேருக்குத்தான் இடம். அக்கா, சொல்தா, எழுத்துச் சொல்ல ஊரிலிருந்து ஒரே ஒரு ஆள். மீன்காரம்மாதான் போவார் என்று எல்லோரும் நினைத்தோம். அப்படியொரு குரல் பிரான்சு முழுக்கத் தேடினாலும் கிடைக்காது. போர்டில் மதியம் அழைப்பு குறைந்திருந்த நேரம் அக்கா என்னிடம் சொன்னாள்: "துணிமணி எடுத்து வை. நீதான் வர்ற."

என்னால் தாங்க முடியவில்லை. அன்று நடந்ததைச் சொன்னேன். போன், குனிந்தது, எல்லாவற்றையும். அவள் குறுக்கிடாமல் கேட்டாள். "எனக்குத் தெரியாதுன்னா நெனச்ச? மொதல்ல போன் அடிச்சுது. அப்புறந்தான் உன் சத்தம் வந்துது."

"பின்ன ஏன்க்கா என்னயக் கூப்புடற?"

"மத்தவங்க என்னிக்காவது ஒரு நாள் லேட் பண்ணலாம். நீ இனிமே பண்ணமாட்ட" என்றாள். போர்டில் அழைப்பு மணி அடித்தது. அவள் ஹெட்போனைப் போட்டுக்கொண்டு வணக்கம் சொல்லப் போய்விட்டாள்.

அந்த ஊரில் ஜூன் மாதத்திலும் குளிர்ந்தது. கொடுத்த குதிரை தொரயைவிட ஒரு சாண் உயரமான கறுப்புப் பெண்குதிரை. பழக இரண்டே நாள். அக்கா அதையும் மூக்கிலிருந்து வால்வரை தடவிப் பார்த்தாள். "இவ ரொம்ப யோசிக்கிறவ" என்றாள். அதற்குத் தமிழ் தெரியாது, ஆனால் சொல்தா, போ என்பதற்கு 'ஆலே' என்றும் மெதுவாக என்பதற்கு 'தூஸ்மான்' என்றும் வருடக்கணக்காகக் கத்தியது வீண்போகவில்லை. அந்த வார்த்தைகள் அக்காவுக்கு வாயோடு ஒட்டியிருந்தன. எழுத்துச் சொல்ல அந்த ஊர்க்காரர்கள் ஏழு பேர் வந்தார்கள். முந்தின நாள் மாலை அக்கா ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். ஒவ்வொருவராகத் தன் எதிரே வந்து, நேற்று வீட்டில் என்ன சமைத்தார்கள் என்று சொல்லச் சொன்னாள். சொல்தா மொழிபெயர்க்க முயன்றபோது கையமர்த்தினாள். அர்த்தம் அவளுக்கு வேண்டியிருக்கவில்லை. எனக்கு எதிரே 'பி'யில் நிற்கப்போகிறவர் ஓய்வுபெற்ற தபால்காரர். புகைபிடித்துக் கரகரத்த குரல். அவர் கோழியைப் பற்றியோ எதைப் பற்றியோ வெகுநேரம் பேசினார். அவரை மட்டும் இரண்டாம் தரம் பேசச் சொன்னாள்.

மறுநாள் காற்று எழுந்தது. எங்கள் முறை வந்தபோது கொடிகள் எல்லாம் படபடத்துக்கொண்டிருந்தன. அக்கா கறுப்புக் கோட்டும் தொப்பியுமாக உள்ளே நுழைந்தாள். அவளை அப்படி ஒரு உடையில் நான் அதற்குமுன் பார்த்ததில்லை. முதலில் நடுக்கோட்டில் நேராக வந்து சரியாக மையத்தில் நின்று வணக்கம் சொல்ல வேண்டும். மையத்தில் எழுத்துச் சொல்ல ஆள் கிடையாது. ஈயில் நிற்கும் என் குரல் ஒரு பக்கம், பியில் நிற்கும் தபால்காரர் குரல் மறுபக்கம். இரண்டும் இரண்டு காதுக்கும் நேராக வரும் இடம்தான் மையம். அதை அவளேதான் கண்டுபிடிக்க வேண்டும். நாங்கள் கூப்பிட்டோம். காற்று என் முதுகுப் பக்கமிருந்து வீசிற்று. என் குரலை அவளிடம் கொண்டுசேர்த்தது, தபால்காரர் குரலை அப்படியே அவர் வாயிலிருந்து அள்ளிக்கொண்டு போனது. அவள் தடுமாறுவது தெரிந்தது. என் குரலை மட்டும் நம்பி, நடுக்கோட்டிலிருந்து என் பக்கம் விலகி, ஒரு குதிரை நீளம் தாண்டிப் போய் நின்றாள்.

'காத்துக்கா, காத்து' என்று சொல்ல நாக்கு துடித்தது. ஒரு எழுத்தைத் தவிர எதுவும் சொல்லக் கூடாது. சொன்னால் எல்லாம் போய்விடும். நான் என் சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டேன். அவள் வணங்கிவிட்டுத் தொடங்கினாள். வட்டங்கள் நன்றாக வந்தன. கேயில் ஒரு திருப்பம் பிசகியது. நீளப் பக்கத்தில் துள்ளுநடையில் அந்தக் கறுப்புக் குதிரை என்னை நோக்கி வந்தபோது எனக்கு உலகத்தில் வேறு எதுவும் இல்லை. நான் சொன்னேன். அவள் திரும்பினாள். ஒரு நூல் பிசகவில்லை.

கடைசியாக மீண்டும் நடுக்கோடு. மீண்டும் மையம். நானும் தபால்காரரும் மாறி மாறிக் கூப்பிட்டோம். அவர் நரம்பு புடைக்கக் கத்தினார். காற்று அப்படியே இருந்தது. அக்கா தலையை லேசாக எதிர்ப்பக்கம் சாய்ப்பதைப் பார்த்தேன். முதலியார்பேட்டை வாசற்படியில் உட்கார்ந்து எதையாவது கேட்கும்போது சாய்ப்பாளே, அதேபோல. என்னை விட்டுவிட்டு அந்தக் கிழவரின் குரலைத் தேடிக்கொண்டிருந்தாள். எனக்கு நேரே வந்ததும் குதிரை நின்றது. நான் அவரைப் பார்த்தேன், அவர் என்னைப் பார்த்தார். எங்கள் இருவருக்கும் நடுவே, நூல் பிடித்தாற்போல அவள் இருந்தாள். தொப்பிக்குக் கீழே தலை குனிந்து வணங்கினாள்.

பதினோரு பேரில் ஏழாவது. பதக்கம் எல்லாம் இல்லை. சொல்தா குதிரையின் வயிற்றுப்பட்டையைக் கழற்றுவதாகச் சொல்லிக்கொண்டு வெகுநேரம் எங்களுக்கு முதுகைக் காட்டியபடியே நின்றார். அக்கா இறங்கியதும் சொன்ன முதல் வார்த்தை: "காத்து உன் பக்கத்துலருந்து வந்துது. மொத தடவ ஏமாந்துட்டேன்." தபால்காரர் வந்து அவள் கையைப் பிடித்து ஏதோ சொன்னார். அவள் அவரிடம் தமிழிலேயே, "கோழி நல்லா இருந்துச்சா?" என்று கேட்டாள்.

இப்போது அந்தத் தோப்பு இல்லை. அறைகள் வாடகைக்கு விடும் கட்டடங்கள் வந்துவிட்டன. தொர வயதாகித்தான் செத்தது. சொல்தா மகளோடு பிரான்சில் இருக்கிறார். அலுவலகத்தில் போர்டு என்ற ஒன்றே கிடையாது, ஆளாளுக்குக் கையில் போன். அக்காவுக்கு ஓய்வுபெற இன்னும் கொஞ்ச காலம் இருக்கிறது. வேறு பிரிவில் உட்கார்ந்திருக்கிறாள். இடுப்பு வலியால் குதிரை ஏறி வருடங்கள் ஆயிற்று. அந்த வெளிநாட்டு மைதானத்தைப் பற்றித்தான் எல்லோரும் என்னிடம் கேட்பார்கள். நானும் சொல்வேன். ஆனால் எனக்குள் அதைவிட அழுத்தமாக உட்கார்ந்திருப்பது, திரும்பி வந்த அடுத்த ஞாயிறு.

மகள் எலும்பு முறியாமல் திரும்பினால் அர்ச்சனை செய்வதாக அம்மா வீராம்பட்டினத்து அம்மனுக்கு வேண்டியிருந்தார். அக்காவைக் காலையிலேயே தோப்பில் விட்டுவிட்டு, அம்மாவை நான்தான் கோயிலுக்கு அழைத்துப்போனேன். திரும்பும்போது ஆட்டோவில், அவர் மடியில் அர்ச்சனைத் தட்டு இருக்கும்போது, சொல்லிவிட்டேன். அன்று குதிரை வழுக்கவில்லை, நான்தான் காரணம் என்று. அவர் என்னைப் பார்க்கவில்லை. வெளியே பார்த்தபடியே வந்தார். அறைவார் என்றுகூட நினைத்தேன். கொஞ்சதூரம் போனபிறகு, "அப்ப அந்தக் குதிரைய நான் சும்மாவா அவ்ளோ திட்டினேன்?" என்றார். பிறகு ஆட்டோக்காரரிடம், "வழியில வாழப்பழக் கடை இருந்தா நிறுத்துப்பா" என்றார்.

ஒரு சீப்புப் பழத்தோடு முதன்முறையாகத் தோப்புக்குள் வந்தார். தொரயின் முன்னால் போய் நின்று, ஒவ்வொன்றாகத் தோலை உரித்து நீட்டினார். குதிரை பதமாக வாங்கித் தின்றது. அன்று மீன்காரம்மா வரவில்லை. அக்கா குதிரைமேல் ஏறியதும், எனக்கு எதிரே 'பி' காலியாக இருந்ததை அம்மா பார்த்தார். "அங்க ஆளு இல்லியே. நான் நிக்கட்டுமா? இன்னா சொல்லணும்?" என்றார். சொல்லிக் கொடுத்தேன். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு போய் நின்றார்.

தொர துள்ளுநடையில் அவர் பக்கம் வந்தது. அவ்வளவு பெரிய விலங்கின்மேல், எதையும் பிடித்துக்கொள்ளாதவள் போல நிமிர்ந்து உட்கார்ந்து தன் மகள் வருவதை அம்மா அப்போதுதான் பார்க்கிறார். வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. குதிரை நெருங்கிவிட்டது. "பாப்பா!" என்று அலறினார்.

அக்கா கடிவாளத்தைத் தளர்த்தினாள். தொர நின்றது. "அம்மா, 'பி'ன்னு சொல்லணும்மா."

"எனக்கு அதெல்லாம் வாயில வராது. நான் இப்பிடிக் கூப்புட்டா நீ வருவியா, மாட்டியா?"

அக்கா அந்தக் குரல் இருந்த பக்கம் முகத்தைத் திருப்பினாள். "வருவேம்மா" என்றாள். "கொஞ்சம் முன்னாடியே கூப்புடு."